கபோ சந்தையில் நான் எடுத்துக் கொடுத்த வசனம்

ஒரு ஜெர்மன் நடிகை எப்படி அழுவார் என்பது இத்தாலியின் பலேர்மோ நகரத் தமிழர்களில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒருவருடைய வீட்டில் தூசி தட்டினால், தட்டியவனுக்கு ஏதாவது தெரிந்துதானே ஆக வேண்டும்.

போன மாதம் எங்கள் பங்கு மண்டபத்தில், வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இப்போது அந்த வேலைக்கும் வகுப்பு, சோதனை, சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டன. வன்னியிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழும்பி, "அங்கிள், மறதிக்காரர் ஒரு பொய் சொன்னால் நாங்கள் ஓம் எண்டுறதோ, இல்லை எண்டுறதோ? புத்தகத்திலை ரெண்டு விதமாயும் கிடக்கு" என்று கேட்டாள். நான் பதில் சொல்லத் தொடங்கி, வழி தவறி, ஒரு மணித்தியாலம் கதைத்துவிட்டேன். "கேட்டது ஒண்டு, நீங்கள் சொன்னது ஒம்பது" என்றாள் என் மனைவி றீற்றா, வீட்டுக்கு வரும் வழியில். அந்த ஒன்பதையும் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் அருளப்பு. ஊர் மன்னார். இங்கே வந்த முதல் ஐந்து வருடத்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறேன்: உணவகத்தில் சட்டி கழுவினேன், மாடிப்படி கழுவினேன், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிக்காக வரிசைகளில் நின்றேன். பிறகு கோவிலில் ஒருவர் சொன்னார், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் ஒரு ஜெர்மன் சிஞ்ஞோரா, அதாவது அம்மா, தனியாக இருக்கிறார், பெரிய பெரிய சன்னல்கள், துடைக்க உயரமான ஆள் வேண்டுமாம் என்று. நான் உயரம். வேலை கிடைத்தது.

சிஞ்ஞோரா மார்லிசுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையாக, நிமிர்ந்து நடப்பார். வரவேற்பறைச் சுவரில் அவர் தாதியின் வெள்ளை உடுப்போடு நிற்கும் படங்கள் நாலைந்து தொங்கின. ஒன்றில் நோயாளியின் கையைப் பிடித்திருந்தார். நான் என்ன நினைப்பேன்? ஓய்வு பெற்ற தாதி என்று நினைத்தேன். எனக்கு அந்த நாட்களில் வலது கால் வீங்கிக் கொண்டிருந்தது. இரண்டாம் கிழமை துணிந்து சப்பாத்தைக் கழற்றிக் காட்டினேன்.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கணுக்காலைப் பெருவிரலால் அமத்தினார், பள்ளம் எழும்பும் வரை பார்த்தார், "எவ்வளவு நாளாய்?" என்றார். பிறகு, "இரவிலை காலைத் தலையணைக்கு மேலை வையும். நாளைக்கே வைத்தியரைப் பாரும்" என்றார். வீட்டுக்குப் போய் றீற்றாவிடம், ஊரில் உள்ள பெரிய டொக்டர்மாரும் இப்படிப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். ஒரு மாதம் கழித்துத்தான் அவர் தாதி அல்ல, பதினெட்டு வருடம் ஜெர்மன் தொலைக்காட்சியில் சிஸ்டர் எர்னாவாக நடித்தவர் என்று தெரிய வந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாளியைத் தட்டி விட்டேன்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீர் கேட்டீர். எனக்கு இல்லை எண்டு சொல்ல மனம் வரேல்லை" என்றார். (அவர் என்னோடு பேசியது இத்தாலியனில். நான் என் தமிழில் எழுதுகிறேன்.)

கால் என்னவோ சுகமாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வருத்தம் பிடித்துக் கொண்டது. இந்த மனுசி எப்போது நடிக்கிறார், எப்போது நடிக்கவில்லை என்று பார்த்துக் கொண்டே இருப்பேன். வேலைக்காரனுக்கு இது தேவையில்லாத ஆராய்ச்சிதான்.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் பிடித்தேன். நிலக்கரி ஊரொன்றில் பஸ் கொண்டக்டரின் மகள். புகைப்படக் கடையில் வேலை செய்து கொண்டே சிறிய நாடக அரங்குகளில் நடித்தவர். பிறகு அந்த ஆஸ்பத்திரித் தொடர் வந்து வாழ்க்கையையே எடுத்துக் கொண்டது. அங்கே விளக்குப் போட வந்த சிசிலிக்காரர் சல்வத்தோரேயைக் கலியாணம் முடித்தார். தொடரின் எழுத்தாளர்கள் ஒரு நாள் சிஸ்டர் எர்னாவைக் காரில் அடிபட்டுச் சாகவிட்டார்கள். சனம் அந்தச் சாவுக்கு அனுதாப அட்டைகளை அவருக்கே அனுப்பியது. ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். தன் சாவுக்குத் தானே அனுதாபம் வாங்கிய ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதற்குப் பிறகு புருசனோடு பலேர்மோ வந்தார். புருசன் இறந்து போன பிறகும் இங்கேயே நின்றுவிட்டார்.

ஆனாலும் ஜெர்மன் உல்லாசப் பயணிகள் விட்டால்தானே. வியா மக்வேதா என்கிற பெரிய தெருவில் அவரோடு சாமான் தூக்கிக் கொண்டு நடந்தால், "சிஸ்டர் எர்னா!" என்று யாராவது ஓடி வருவார்கள். ஒரு கிழவர் நடுத்தெருவில் முழங்காலைக் காட்டினார். சிஞ்ஞோரா குனிந்து பார்த்துவிட்டு, மெல்ல நடக்கச் சொன்னார். அந்த மனிதர் சுகமானவர் போலவே போனார்.

வருடத்தில் இரண்டு மூன்று வேடம் அவருக்கு வரும். அப்போதுதான் என் இரண்டாவது உத்தியோகம் தொடங்கியது. ஒரு காலை கோப்பி குடித்துக் கொண்டே வசனம் எழுதிய கொப்பியை நீட்டி, "மற்ற ஆளின்ரை வசனத்தை வாசியும்" என்றார். எனக்கு ஜெர்மன் தெரியாது என்றேன். "தெரியாமல் இருக்கிறதுதான் நல்லது" என்றார். வரிகளுக்கு மேல் சத்தத்தைப் பென்சிலால் தமிழில் எழுதிக் கொண்டேன். அவர் சன்னலடியில் உருளைக்கிழங்கு சீவுவார், நான் மேசையில் இருந்து வாசிப்பேன். கை வேலையில் இருந்தால்தான் வசனம் உள்ளே போகுமாம். எந்த வசனத்தில் எந்தக் கிழங்கு முடிந்தது என்று கேட்டால் சொல்லுவார்.

முதல் நாளே ஏச்சு வாங்கினேன். மன்னாரில் எங்கள் கோவில் நாட்டுக்கூத்துகளில் நான் கொப்பி பிடித்தவன். பாடத் தொண்டை இல்லை, வாசிக்கக் கண் இருந்தது. ராசா வேடக்காரன் பாட்டை மறந்து நின்றால், மேடை ஓரத்தில் நிற்கிற நான் அடியை உரத்து எடுத்துக் கொடுப்பேன், ராசா வாங்கிப் பாடுவான். சபைக்கும் அது கேட்கும். ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள், கொப்பிக்காரனும் கூத்தில் ஒரு பங்குதான். அந்தப் பழக்கத்தில் ஜெர்மன் வசனத்தையும் கொஞ்சம் இழுத்து, ராகம் வைத்து வாசித்துவிட்டேன்.

"நீர் நடிக்கக் கூடாது. கடை விலைப்பட்டியல் வாசிக்கிற மாதிரி வாசியும்" என்றார் சிஞ்ஞோரா. "நான் நிண்டால் உடனை சொல்லித் தரக் கூடாது. மனதுக்குள்ளை ஐஞ்சு எண்ணும். அதுக்குப் பிறகும் வராட்டில் முதல் சொல் மட்டும் தாரும். ஒரு சொல். கூட ஒண்டும் வேண்டாம்."

இந்த முறையில்தான் பல வருடம் செய்தோம். ஐந்து எண்ணி முடிக்கும் தேவை ஒரு கொப்பிக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வரும்.

ஒரு நாள் கேட்டே விட்டேன், எப்படி அழுகிறீர்கள் என்று. "அழ நினைச்சால் வராது" என்றார். "அழக் கூடாது, ஆரும் பாக்கக் கூடாது எண்டு முகத்தை இறுக்கிப் பிடிக்க வேணும். அது தானாய் உடையும்." அன்றிரவு கண்ணாடி முன் நின்று முகத்தை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். றீற்றா வந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, பல்லுக் குத்தோ?" என்றாள்.

கடைசி வேடம் பலேர்மோவிலேயே வந்தது. இங்கே சிறிய விடுதி நடத்தும் ஜெர்மன் விதவை அவர். படப்பிடிப்புக்குப் பெட்டி தூக்கிக் கொண்டு நானும் போனேன். அங்கே ஒரு பெண் எல்லாவற்றையும் படமெடுத்துக் கொண்டே இருப்பாள், கிண்ணம் எங்கே இருந்தது, கரண்டி எந்தக் கையில் என்று, அடுத்த தரம் எடுக்கும்போது மாறாமல் இருக்க. சிஞ்ஞோராவுக்கு அவள் தேவையில்லை. கத்தரிக்காய்க் கறியைப் பத்துத் தரம் சாப்பிட வைத்தார்கள். பத்துத் தரமும் அதே சொல்லில் கரண்டி வாய்க்குப் போனது. இயக்குநர் யூலியா என்ற இளம் பெண். சத்தம் போடவே மாட்டார். யாராவது பிழை விட்டால் நடந்து வந்து, காதோடு இரண்டு சொல் சொல்லிவிட்டு நடந்து போவார். பிழை விட்டவரின் முகத்தைப் பார்த்தால்தான் ஏச்சு என்று தெரியும். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டில் செய்து பார்த்தேன், எடுபடவில்லை.

அந்த வேடத்தின்போதுதான் நான் ஐந்து எண்ணுவது கூடியது. முதலில் ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை. பிறகு மூன்று, நான்கு. ஒரு காலை கோப்பிச் சட்டியைக் கையில் வைத்துக் கொண்டு, "சல்வத்தோரே எப்ப வாறன் எண்டவன்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கு முன்னர் அவருக்கே தெரிந்துவிட்டது. சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வைத்தியர் அதுக்குப் பெயர் வைச்சிட்டார்" என்றார். "இன்னும் ஆறு நாள் படப்பிடிப்பு இருக்கு. தெரிஞ்சால் வேறை ஆளைப் போட்டு எல்லாத்தையும் திரும்ப எடுப்பினம். என்னை இனி ஒருத்தரும் கூப்பிட மாட்டினம். அருளப்பு, இது முடியிற வரைக்கும் ஆருக்கும் சொல்லாதையும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்துக்கு முன் வேறு எதைச் சொல்லுவது?

அன்றிலிருந்து துண்டுக் கடதாசிகளில் வசனத்தை எழுதி, படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் ஒட்டினோம். கோப்பையின் உள்பக்கம், உப்புப் போத்தலின் பின்பக்கம், தலையணை உறையின் ஓரம். நாலு நாள் தப்பினோம். ஐந்தாம் நாள் கபோ சந்தையில். மரக்கறிக் கடைக்காரனிடம் விதவை, விடுதியை விற்கப் போவதாகச் சொல்லும் நீண்ட வசனம். ஒட்ட இடமில்லாத இடம். சிஞ்ஞோரா யூலியாவோடு கதைத்து, கடைக்குப் பின்னால் கத்தரிக்காய் பொறுக்கி அடுக்கும் வேலையாளாக என்னை நிற்கவிட்டார். என் முன்னால் இருந்த பெட்டியின் பக்கத்தில் முழு வசனத்தையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். படம் பிடிப்பவர்களுக்குத் தெரியாது, அவருக்கு மட்டும் தெரியும்.

ஆரம்பிக்கப் போகும் நேரம், சாமான்களுக்குப் பொறுப்பான பெண் ஓடி வந்து பெட்டியைத் தூக்கிக் கொண்டு போய்விட்டாள். அதன் மற்றப் பக்கத்தில் ஒரு கடையின் பெயர் அச்சடித்திருந்ததாம், படத்தில் வரக்கூடாதாம். வெறும் பெட்டி ஒன்றை வைத்தாள். நான் வாயைத் திறக்க முதல், "அமைதி" என்று கத்திவிட்டார்கள்.

சிஞ்ஞோரா பேசிக் கொண்டு வந்தார். நல்லாய் வந்தது. பிறகு பெட்டியைப் பார்த்தார். நின்றார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு. அவருடைய கண் பெட்டியிலிருந்து என் முகத்துக்கு வந்தது. மூன்று, நான்கு. அந்தக் கண்ணை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை, தெரு தெரியாமல் நிற்கிற பிள்ளையின் கண். ஐந்து. இது சந்தை, சுற்றிவரச் சனம், முன்னால் ஒருவர் வசனம் மறந்து நிற்கிறார். என் வாய் மன்னாருக்குப் போய்விட்டது. ஒரு சொல் அல்ல, முழு அடியையும், ராகத்தோடு, கடைசிச் சொல்லை இழுத்து, கபோ முழுக்கக் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தேன்.

சந்தையே சிரித்தது. மீன் வாங்க வந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர், "அருளப்பண்ணை படத்திலை பாடுறார்!" என்றார்கள். யூலியா நடந்து வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னையும் சிஞ்ஞோராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "உமக்கு விசரோ? இரக்கப்பட்டுக் கூட்டிக் கொண்டு வந்தன். என்ரை வசனத்தைக் கேட்டுக் கேட்டு தானும் நடிகன் எண்டு நினைச்சிட்டான்! இவனை அனுப்புங்கோ!" என்று இத்தாலியனில், எல்லோருக்கும் விளங்கச் சத்தம் போட்டார்.

அவர் நடிப்பில் கோபப்பட்டால் இடது கை சட்டைக் கழுத்துக்குப் போகும். அப்போதும் போனது. ஆகவே அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சுட்டது. இருபத்தொரு வருடத்தில் அவர் என்னை அவன் இவன் என்றதில்லை. இடுப்பில் கட்டியிருந்த கடைத்துணியை அவிழ்த்து வைத்துவிட்டு நடந்தேன்.

"தனக்குத் தனக்கெண்டால் சுளகும் படக்குப் படக்கெண்ணுமாம்" என்றாள் றீற்றா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "தன்னைக் காப்பாத்த உங்களைப் பலி குடுத்திட்டா. நீங்கள் இனிப் போக வேண்டாம்." போகத்தான் கூடாது என்று நானும் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் யூலியாவே கைபேசியில் அழைத்தார். பொலிதேயாமா பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் இருந்தோம். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். ஒரே கேள்விதான். "அவவுக்கு மறதி வந்திட்டுதோ?"

"இல்லை" என்றேன். "எனக்கு நடிக்க ஆசை வந்திட்டுது. கேட்டுக் கேட்டுப் பாடமாப் போச்சு. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"நான் ஒலிப்பதிவைத் திருப்பித் திருப்பிக் கேட்டன்" என்றார் யூலியா. "உங்கடை குரலுக்கு முதல் நல்ல இடைவெளி ஒண்டு கிடக்கு. பேச வாற ஆள் முதலிலை மூச்சு எடுக்கும். அவ மூச்சும் எடுக்கேல்லை." பிறகு எழும்பினார். "கொம்பனி கண்டுபிடிச்சால் என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. அவவே எனக்குச் சொன்னால் வழி இருக்கு. நாளைக்குக் கபோவிலை திரும்ப எடுக்கிறம்."

கோபம் இருந்தபடியேதான் சிஞ்ஞோரா வீட்டுப் படி ஏறினேன். குசினியில் இருந்தார். முன்னால் கொப்பி. தன் வசனத்தைத் தன் குரலிலும், நான் வாசிக்கும் வசனத்தை விலைப்பட்டியல் குரலிலும் தானே மாறி மாறிச் சொல்லிக் கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"யூலியாவுக்குத் தெரியும்" என்றேன். "நான் சொல்லேல்லை."

"நீர் என்ன சொன்னீர்?"

"எனக்கு நடிக்க ஆசை வந்தது எண்டன்."

"அது நான் சொன்ன பொய்."

"ஓம். அதையேதான் நானும் சொன்னன்."

நீங்களே சொன்னால் வழி இருக்காம் என்று யூலியா சொன்னதையும் அவரிடம் சொன்னேன். "அவவுக்குச் சொன்னால் இனி வேடம் இல்லை" என்றார்.

"சொல்லாட்டில் இந்த வேடமும் இல்லை" என்றேன். அவர் கொப்பியை என் பக்கம் தள்ளினார். நான் வாசித்தேன். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் வாயாலே அதைக் கேட்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. அதை மறைத்து என்ன பயன்.

மறுநாள் கபோவில் அதே கடை, அதே கத்தரிக்காய். சாப்பாடு கொண்டு வந்தவன் போல ஓரமாக நின்றேன். எல்லாம் தயாரான பிறகு சிஞ்ஞோரா கையை உயர்த்தினார். யூலியாவிடம் காதோடு ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடைக்கு முன்னால் வந்து, படப்பிடிப்புக்காரருக்கும் கடைக்காரருக்கும் மீன் வாங்க வந்த சனத்துக்கும் கேட்க, இத்தாலியனில் தொடங்கினார்.

"முந்தநாள் இந்த மனுசனை இஞ்சை வைச்சு ஏசினனான். நான்... அவர் விசரன் இல்லை. எனக்குத்தான்..." நின்றார். என் வாய் துடித்தது. ஆனால் இந்தப் பேச்சுக்கு என்னிடம் கொப்பி இல்லை. அவரே தேடி எடுத்தார். "எனக்கு மறதி வருத்தம். நான் மறக்க, அவர் ஞாபகம் வைச்சிருந்தவர். பிழை என்னிலை. நான் பொய் சொன்னனான். அருளப்பு, மன்னிச்சுக் கொள்ளும்."

மரக்கறிக் கடைக்காரன் தொப்பியைக் கழற்றினான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தேன், அது உடைந்துவிட்டது.

யூலியா இந்த முறை நடந்து வந்தார், என்னிடம். "கமெராவுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ. உரத்துச் சொல்லுங்கோ. உங்கடை குரலைப் பிறகு வெட்டுவன்" என்றார். ஒவ்வொரு அடியாக எடுத்துக் கொடுத்தேன். சிஞ்ஞோரா வாங்கி வாங்கிச் சொன்னார். மூன்றே தரத்தில் முடிந்தது. அடுத்த நாளும் அப்படியே செய்தோம், வேடம் முடிந்தது. அதற்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து அவருக்கு ஒரு வேடமும் வரவில்லை.

ஆனால் அது பிறகு. கபோவில் முடிந்த அந்த மத்தியானம், அவருடைய பெட்டியைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்கு நடந்தேன். "இப்பிடி எல்லாருக்கும் முன்னாலை சொல்லியிருக்கத் தேவையில்லை" என்றேன். "யூலியாவுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்."

"ஏசினது எல்லாருக்கும் முன்னாலை" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். அத்தனை வருடத்தில் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டார். "எப்பிடி இருந்தது?"

"ரெண்டு இடத்திலை தடக்கினீங்கள்" என்றேன்.

"தடக்கும்தானே" என்றார் சிஞ்ஞோரா. "அதை ஒருத்தரும் எனக்கு எழுதித் தரேல்லை."